ஸ்டியரிங்கில் கட்டிய துணி

காக்கி புக்கிட்டில், கார்கள் சரிவுப் பாதையில் ஏறிவரும் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் அந்தப் பட்டறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். டீ குடித்த கப்பைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகலாம், ஸ்பானரை எங்கோ வைத்துவிட்டு அடுத்தவனைத் திட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் சோதனைக்காக ஒரு வயரைக் குறுக்கே போட்டு ஏதாவது ஒரு பாதுகாப்பைத் தாண்டிவிட்டிருந்தால், அந்தக் காரின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டியாக வேண்டும். கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். துணி இருக்கும் காரை வாடிக்கையாளர் கையில் கொடுக்கக் கூடாது. ஜாஃபரும் பிரேமும் பட்டறை தொடங்கிய முதல் வருஷம், ஒரு டாக்ஸியின் பிரேக் குழாயை இறுக்காமல் வெளியே விட்டு, அது சரிவில் இறங்கிச் சுவரில் முட்டி நின்ற அன்று போட்ட சட்டம் அது. துணி வேறெதுவும் இல்லை. ஆகஸ்ட் மாதம் தவறாமல் வீட்டில் சேருகிற சிவப்புத் தேசிய தின டீ-ஷர்ட்டுகளை ஜாஃபரின் மனைவி ஹலீமா முழ நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்த துண்டுகள்.

பதினோரு வருஷம் அந்தச் சட்டம் தப்பவில்லை. பன்னிரண்டாம் வருஷம் தப்பியது. வேலாயுதம் காருக்குள் எரிந்து செத்தார்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதமும் ஜாஃபர் சாப்பிட்டான், தூங்கினான், வேலை செய்தான், வெள்ளிக்கிழமை தொழுதான். மனிதன் எதையும் வயிற்றில் போட்டுக்கொண்டு நடமாடிவிடுவான் என்பதை அவன் தன்னைப் பார்த்தே தெரிந்துகொண்டான். ஆனால் வருகிற வியாழக்கிழமை நீதிமன்றத்தில் ஒருவன் தான்தான் கொன்றதாக ஒப்புக்கொள்ளப் போகிறான். அவன் கொல்லவில்லை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவன் ஜாஃபர், இன்னொருவன் பிரேம்.

வேலாயுதம் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பாசிர் ரிஸ்ஸில் வீடு. அவர் மனைவி மங்களம் லிட்டில் இந்தியாவில், கேம்பல் லேனில் பூக்கடை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற கையோடு வேலாயுதம் ஐம்பது வருஷப் பழைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை, கார் மேல் ஒரு பிழையும் கிடையாது. பழைய கார் என்று பதிந்தால் வருஷத்துக்கு நாற்பத்தைந்து நாள்தான் சாலையில் விட முடியும். அந்த நாற்பத்தைந்தில் பாதி நாள், கார் வெயிலில் சூடேறி எங்காவது நின்றுவிடும். மனிதர் கடுப்பாகிவிட்டார். மூன்று கார்புரேட்டரையும் தூக்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் போட வேண்டும், பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் தனித்தனி காயில் வேண்டும் என்று பட்டறைக்கு வந்து நின்றார்.

எஞ்சின் வேலை பிரேமுடையது. வயரிங்கும் டியூனிங்கும் ஜாஃபருடையது. மூன்று மாதம் இழுத்தது. வேலாயுதம் வாரத்துக்கு நான்கு நாள் வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்டுக் கேட்டு உயிரை வாங்கினார். கோபமாக வரும், ஆனால் அவர் வராத நாளில் பட்டறை வெறிச்சென்று இருக்கும். கப்பல் எஞ்சின் பார்த்தவர் என்பதால் ஜாஃபர் பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துக்கொள்வார்.

ஒன்றை மட்டும் ஜாஃபர் முதல் நாளே அவருக்கு விளக்கியிருந்தான். பழைய பெட்ரோல் பம்பை எஞ்சின்தான் சுற்றும், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். புதியது மின்சாரப் பம்பு. டாங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பத்து மடங்கு அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். எஞ்சின் நின்ற பிறகும் அது தள்ளிக்கொண்டே இருந்தால் ஆபத்து. அதனால் எஞ்சின் சுற்றுவது நின்ற இரண்டாவது வினாடியே பம்பின் மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் வெட்டிவிடும். வேலாயுதம் தலையை ஆட்டி, கப்பலிலும் இதே கதைதான் என்றார்.

வேலை முடிகிற நேரத்தில் கார் மறுபடி நின்று நின்று போயிற்று. எஞ்சின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சாரின் வயர், காயில்களுக்குப் பக்கத்தில் போவதால் குழம்புகிறது, அதனால் கம்ப்யூட்டர் எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்துப் பம்பை வெட்டுகிறது என்று ஜாஃபர் சந்தேகப்பட்டான். உறுதி செய்ய, ஒரு சாண் வயரைக் குறுக்கே போட்டான். சாவி போட்டிருக்கும்வரை பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் சொன்னாலும் நிற்காது. கார் ஜம்மென்று ஓடியது. சந்தேகம் சரிதான். ஸ்டியரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டினான். அன்று வியாழக்கிழமை. மாலைக்குள் சென்சார் வயரை வேறு வழியாகக் கொண்டுபோய்ச் சரி செய்தும்விட்டான்.

ஆனால் குறுக்கு வயரை அன்றே எடுக்கவில்லை. மறுநாள் காலை ராகு காலத்துக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் காருக்குப் பூஜை. மங்களம் ஏற்பாடு. கோயில் வாசலில் நூறு பேர் பார்க்க கார் நின்று மானத்தை வாங்கக் கூடாதே என்று, வயர் ஒரு நாள் இருக்கட்டும், காலையில் நானே கொண்டுபோய்க் கோயிலில் விடுகிறேன், பிரேம் திருப்பி ஓட்டிவந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஜாஃபர் பட்டறைக்கு வந்தபோது கார் பூஜை முடிந்து வந்து நின்றது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும். இந்தப் பக்கக் கண்ணாடியிலிருந்து அந்தப் பக்கக் கண்ணாடிவரை, பானெட்டை அணைத்தாற்போல், மங்களம் தன் கையால் தொடுத்த ரோஜா மாலை. ஸ்டியரிங்கில் குருக்கள் கட்டிய சிவப்பு மஞ்சள் கயிறு. டீ-ஷர்ட் துணி இல்லை.

துணி இல்லையென்றால் வயர் இல்லை. பதினோரு வருஷப் பழக்கம் அப்படித்தான் அவனுக்குச் சொன்னது. சாமி காரியத்துக்கு முன்னால் அழுக்குத் துணி எதற்கென்று பிரேமே வயரை எடுத்து, துணியையும் அவிழ்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும் என்ற சட்டத்தை மீறிவிட்டானே என்று லேசாக எரிச்சல்கூட வந்தது. பிரேம் அந்தப் பக்கம் போனில் யாரிடமோ உதிரிபாகத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனும் இதே கணக்கைத்தான் போட்டிருந்தான்: துணி இல்லை, அப்படியானால் ஜாஃபர் பாய் காலையிலேயே எடுத்துவிட்டார்.

பானெட்டைத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் போதும். ஜாஃபர் கையைக் கொண்டுபோனான். திறக்க வேண்டுமானால் மாலையை அறுக்க வேண்டும், சந்தனத்தில் கை வைக்க வேண்டும். மங்களம் பக்கத்தில்தான் நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. அவர்கள் சாமிக்குக் காட்டி வந்த மாலையை, வேற்று மதத்துக்காரன் நான், எண்ணெய்க் கையோடு அறுப்பதா என்று தோன்றியது. கையை எடுத்துக்கொண்டான். மரியாதைதான். அந்த மரியாதைதான் ஒரு உயிரைக் குடித்தது.

அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. சாவியைத் திருப்பினால் பம்பு இரண்டு வினாடி முனகி அடங்க வேண்டும். அடங்காமல் முனகினால் ஜாஃபரின் காது பிடித்திருக்கும். வேலாயுதத்துக்கு எங்கே பொறுமை? சாவியைத் திருப்பிய வேகத்திலேயே ஸ்டார்ட் பண்ணி, இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஐந்து வாரம் கார் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மங்களத்தைக் கடையில் விட்டுவிட்டுத் தெம்பனிஸ் விரைவுச்சாலையில் வீட்டுக்குத் திரும்பும்போது, வெளியேறும் வளைவில் பின்னால் வந்த லாரி இடித்தது. பெரிய இடி இல்லை. லாரிக்காரன் விடியுமுன்பிருந்து வண்டி ஓட்டுகிறான், கண் ஒரு கணம் அசந்துவிட்டது. கார் முன்னால் தள்ளப்பட்டுத் தடுப்புக் கம்பியில் முட்டியது. வலது கதவு கம்பியில் அடைபட்டது, இடது கதவின் பூட்டு நசுங்கியது. எஞ்சின் நின்றது. முன்மூலை நசுங்கியதில் பெட்ரோல் குழாயின் மூட்டு விட்டுவிட்டது. பம்பு இரண்டு வினாடியில் அடங்கியிருந்தால் ஒரு கரண்டி பெட்ரோல் சிந்தியிருக்கும், அவ்வளவுதான். அது அடங்கவில்லை. கொதித்துக்கொண்டிருந்த சைலன்சர் குழாயின் மேல் பீய்ச்சிக்கொண்டே இருந்தது.

வேலாயுதத்துக்கு இடியில் பட்ட காயம் தோள்பட்டையில் ஒரு கன்றல் மட்டும்தான் என்று பிறகு மருத்துவர் எழுதினார்.

போலிஸ் வந்து விசாரித்தது. காரில் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டது. ஜாஃபர் பட்டியல் போட்டுக் கொடுத்தான், எல்லாம் ஒழுங்காக முடித்துத்தான் கொடுத்தோம் என்று கையெழுத்தும் போட்டான். வயர்களெல்லாம் உருகி ஒரே கட்டியாகிவிட்டன, அதில் ஒரு சாண் வயரை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? அன்று இரவு பிரேமும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள்: துணியை நீ அவிழ்த்தாயா? நான் இல்லை, நீங்கள்தானே? இருவரும் இல்லை. அப்படியானால் அது எங்கே போயிற்று? பிரேம் அன்று கோயிலுக்கு நேராக வந்து தேங்காய் வாங்கப் போயிருந்தான், காரருகே வந்தபோது ஸ்டியரிங்கில் கயிறுதான் இருந்தது. குருக்கள் எடுத்துப் போட்டிருக்கலாம். இனி அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று பிரேம் முடித்தான். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற மூன்று பிள்ளைகள். வாயைத் திறந்தால் இரண்டு குடும்பமும் தெருவுக்கு வரும், திறக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, செத்தவர் திரும்பி வரவா போகிறார் என்றான். ஜாஃபர் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் அவனுக்குத் தன்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஏனென்றால் நஷ்டம் ஒருவனுக்கு இருந்தது. லாரிக்காரன் இசக்கிமுத்து, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன், இருபத்தொன்பது வயது. வேலை போய், ஊருக்கும் போக முடியாமல், ஏழு மாதமாக விடுதியில் கிடக்கிறான். கவனமில்லாமல் ஓட்டி மரணம் விளைவித்ததாக இப்போது குற்றச்சாட்டு. செய்தியில் பார்த்துவிட்டு ஜாஃபர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். இசக்கிமுத்துவின் இரண்டு உள்ளங்கையும் வெந்து, தோல் சுருங்கி, விரல்கள் நீட்ட முடியாமல் வளைந்திருந்தன. பற்றி எரிகிற கதவை வெறுங்கையால் பிடித்து இழுத்திருக்கிறான்.

வெளியே நடைவழியில் ஜாஃபர் அவனிடம் பேச்சுக் கொடுத்தான். வழக்காடலாமே, நெருப்புக்கு வேறு காரணம் இருக்கலாமே என்றான்.

"நாந்தான இடிச்சேன் அண்ணாச்சி," என்றான் இசக்கிமுத்து. "நான் இடிக்கலன்னா அவுக இருந்திருப்பாகள்ல. வியாழக்கிழமை ஒத்துக்கிடுதேன்னு சொல்லிட்டேன்."

யாரென்றுகூட அவன் கேட்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்த யாரோ ஒரு நல்ல மனிதர் என்று நினைத்து, வளைந்த கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

அன்று வீட்டுக்குப் போய் ஜாஃபர் ஹலீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுதாள். பிறகு, போலிசுக்குப் போகுமுன் அந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஜாஃபர் கேம்பல் லேனுக்குப் போனான். வழியெல்லாம் மனதுக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டான். வயரைப் போட்டது நான். ஆனால் துணி கட்டியிருந்தேன் அக்கா, யாரோ அவிழ்த்துவிட்டார்கள். பானெட்டைத் திறக்கத்தான் வந்தேன், மாலை இருந்ததால் திறக்கவில்லை. உண்மையைத்தானே சொல்கிறோம். முழுப் பழியும் நம்முடையது இல்லை என்று இந்த அம்மாவாவது புரிந்துகொள்வார். போலிசும் புரிந்துகொள்ளும். அந்தத் துணியும் மாலையும்தான் ஏழு மாதமாக அவனைத் தூங்க வைத்தவை.

மங்களம் உள்ளே தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வாங்க தம்பி என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க. உங்களைக் கூப்பிடணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்," என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு துணியை எடுத்து நீட்டினார். "இது உங்க பட்டறையோடதுதானே?"

சிவப்புத் துணி. துவைத்து மடித்திருந்தார். எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. ஓரத்தில் டீ-ஷர்ட்டில் அச்சடித்த வெள்ளை நட்சத்திரம் ஒன்று பாதியாக வெட்டுப்பட்டிருந்தது.

மங்களம் சொல்லிக்கொண்டே போனார். பூஜையன்று ஸ்டியரிங்கில் கட்டியிருந்தது. குருக்கள் கயிறு கட்ட வரும்போது அழுக்குத் துணி இருக்க வேண்டாமென்று அவரேதான் அவிழ்த்தார். கோயிலில் எறிய மனம் வராமல் கைப்பையில் வைத்துக்கொண்டார், பிறகு கொடுக்கலாமென்று; அப்புறம் மறந்தே போனார். கோயிலுக்கு மட்டும் எடுத்துப் போகிற பை அது. வீட்டில் சாவு விழுந்த வருஷம் கோயிலுக்குப் போவதில்லையே, பையைத் தொடவே இல்லை. போன வாரம் ஏதோ சாவி தேடும்போது கையில் சிக்கியது.

"எதுக்குத் தம்பி கட்டியிருந்தீங்க? ஏதும் முக்கியமானதா?"

ஜாஃபர் துணியை வாங்கி மேசையில் வைத்தான். அந்த அம்மாவின் விரல்கள் மல்லிகையை முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தன. துணியை அவிழ்த்த விரல்கள் அவைதான். மாலையைத் தொடுத்ததும் அவைதான். வழியெல்லாம் அவன் சேர்த்துவைத்த இரண்டு சமாதானமும் இந்த அம்மாவின் தலையில்தான் போய் விழும். விழுந்தால் இந்த ஜென்மத்தில் எழுந்திருக்க மாட்டார்.

"இல்லக்கா," என்றான். "கை துடைக்கிற துணி."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றார் மங்களம்.

பிறகு அவன் வந்த விஷயத்தைச் சொன்னான். குறுக்கு வயரைப் பற்றி, நிற்காத பம்பைப் பற்றி, இரண்டு வினாடியைப் பற்றி, வெந்துபோன இசக்கிமுத்துவின் கைகளைப் பற்றி, தான் போட்ட பொய்க் கையெழுத்தைப் பற்றி. மங்களத்தின் விரல்கள் நடுவில் எங்கோ நின்றுவிட்டன. நூல் மடியில் கிடந்தது. வெளியே யாரோ இரண்டு முழம் பூ கேட்டார்கள், பதில் இல்லாமல் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

"காரைக் குடுக்குறதுக்கு முன்னாடி நீங்க தொறந்து பாக்கலையா?" என்று கேட்டார் கடைசியில்.

மாலை நாக்கின் நுனிவரை வந்தது. ஜாஃபர் அதை விழுங்கினான்.

"மறந்துட்டேன்கா."

"மறந்துட்டியா?"

அதுவரை நீங்கள் என்றே பேசியவர் அவர். ஜாஃபர் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூணு மாசம் உன் பக்கத்துல உக்காந்திருந்தாரே அந்த மனுஷன். உன்னைப் பத்தி வீட்டுல வந்து பேசாத நாள் கெடையாது. ஜாஃபர் கை வெச்சா கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்னு சொல்லுவாரு." அவர் குரல் உயரவே இல்லை. "ஏழு மாசம் அந்த லாரிக்காரப் பயலைச் சபிச்சிக்கிட்டு இருந்தேன். காலையில எந்திரிச்சதும் சபிப்பேன். நீ கருமாதிக்கு வந்து என் வீட்டுல சாப்பிட்டுட்டுப் போன."

"ஆமாக்கா."

"எந்திரிச்சுப் போ."

அவன் எழுந்தான். இரண்டடி நடந்ததும் அவர் கூப்பிட்டார். மேசையில் கிடந்த துணியை விரல் நுனியால் அவன் பக்கம் தள்ளினார்.

"உன் துணியை எடுத்துக்கிட்டுப் போ. இங்க வேணாம்."

சிராங்கூன் ரோட்டில் வெயில் ஏறிவிட்டது. ஜாஃபர் ஓரமாக நின்று பிரேமுக்குப் போன் போட்டான். போலிசுக்குப் போகிறேன், வயரைப் போட்டதும் நான்தான், எடுக்காமல் விட்டதும் நான்தான், உனக்கு ஒன்றும் தெரியாது என்றான். பிரேம் முதலில் கத்தினான், பிறகு கெஞ்சினான், கடைசியில் துணி கட்டியதையாவது சொல்லுங்கள் என்றான்.

"அது ஒண்ணுதான் பாய் உங்களைக் காப்பாத்தும். கட்டுனது கட்டுனதுதானே? யாரோ அவுத்தா நம்ம என்ன பண்றது?"

"துணின்னு ஒண்ணு நம்ம பட்டறையில கெடையாது," என்றான் ஜாஃபர். "எப்பவும் கெடையாது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

பிரேம் மெதுவாக, யார் அவிழ்த்தது என்று தெரிந்துவிட்டதா என்று கேட்டான். ஜாஃபர் போனை வைத்துவிட்டான்.

போக்குவரத்து போலிஸில் வாக்குமூலம் வாங்கியவர் அவன் வயதுள்ள அதிகாரி. கோபப்படவில்லை, நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டச்சு செய்தார். மூன்று மணி நேரம் ஆயிற்று. முடியும் தறுவாயில், இப்படித் தற்காலிகமாக வயர் போடும்போது மறக்காமலிருக்க உங்கள் பட்டறையில் ஏதாவது அடையாளம் வைப்பதுண்டா, எழுதி ஒட்டுவது, எதையாவது கட்டிவைப்பது, அப்படி ஏதாவது, என்று கேட்டார். இருந்தால் சொல்லுங்கள், உங்களுக்கு நல்லது என்றும் சொன்னார்.

இல்லை என்றான் ஜாஃபர். அவர் அதையும் தட்டச்சு செய்தார்.

உள்ளே கொண்டுபோவதற்கு முன், பையில் உள்ளதை எல்லாம் ஒரு தட்டில் வைக்கச் சொன்னார்கள். கைத்தொலைபேசி, பணப்பை, பட்டறைச் சாவி. கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து வைத்தான். மல்லிகை வாசனை அடித்தது. அதிகாரி அதை ஒரு நுனியில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"கை துடைக்கிற துணி, சார்," என்றான் ஜாஃபர்.